எதுவரை என்று ஒரு கட்டம்



சாரின் உடல்நிலையைப் பற்றி நிறையப் பேர் விசாரித்திருந்தீர்கள். இப்போது நன்றாக இருக்கிறார். காலையில் நடக்கப் போகிறார், வந்து பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு எல்லாக் கட்சிகளையும் திட்டுகிறார். ஆகவே கவலை வேண்டாம். என்ன நடந்தது என்று ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிச் சொல்லி எனக்குத்தான் வாய் வலிக்கிறது. அதனால் இங்கே ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர் ஒருவராவது இருக்கும் வீட்டுக்கு இதில் ஒரு விஷயம் இருக்கிறது. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் அண்ணன் மகள் பார்க்கும் வேலையைச் சொல்ல வேண்டும். அவள் உயிர்வேதியியல் படித்தவள். ஏதாவது ஆய்வுக்கூடத்தில் சேருவாள் என்று நினைத்தோம். சென்னைக்குப் போய் 'மெடிக்கல் கோடிங்' என்றாள். அண்ணனுக்கு அது பிடிபடவே இல்லை. ஊரில் கேட்பவர்களிடம் 'கம்ப்யூட்டர் கம்பெனி' என்பார், கல்யாணத் தரகரிடம் மட்டும் 'ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்டது' என்பார். இரண்டும் பொய்யில்லை.

அமெரிக்காவில் ஒருவர் டாக்டரைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். டாக்டர் எழுதிய குறிப்பு முழுவதும் இவள் கணினிக்கு வருகிறது. இவள் அதைப் படித்து, என்ன நோய், என்ன சிகிச்சை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு போட வேண்டும். அந்தக் குறியீட்டை வைத்துத்தான் அங்கே இன்சூரன்ஸ் பணம் தருகிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்குக் கீழே சரியாக இருந்தால் இவளுக்குத் தலைவலி. நாங்கள் எல்லாம் முப்பத்தைந்து வாங்கினாலே கையைத் தட்டி மேல்வகுப்புக்கு அனுப்பியவர்கள். நோயாளியின் பெயரோ ஊரோ எங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. கேட்டாலும் சொல்ல மாட்டாள், சட்டம் அப்படி. குறியீடுகளைப் பற்றி மட்டும் பேசுவாள். எனக்கும் பதிவேடு என்றால் சின்ன வயதிலிருந்தே ஒரு பிரியம். அதனால் பொங்கலுக்கு வந்தால் இரண்டு பேரும் இதைத்தான் பேசிக்கொண்டிருப்போம்.

இந்தக் குறியீட்டுப் பட்டியலுக்கு ஒரு கதை உண்டு. 1893-இல் பெர்த்தியோன் என்ற பிரெஞ்சுக்காரர், மனிதர்கள் எதனால் சாகிறார்கள் என்று வகைப்படுத்தி ஒரு பட்டியல் போட்டார். செத்தவர்களின் கணக்குக்காகப் பிறந்த பட்டியல் அது. 1948-இல் உலக சுகாதார நிறுவனம் அதைக் கையில் எடுத்த பிறகு, உயிரோடு நோயில் இருப்பவர்களும் முறையாக அதற்குள் வந்தார்கள். இப்போது அமெரிக்காவில் அதன் பத்தாவது பதிப்பைத் தங்களுக்கேற்ப விரித்து, 2015 அக்டோபர் முதல் பயன்படுத்துகிறார்கள். அதில் கடைசிப் பக்கமாக இசட் என்ற எழுத்தில் தொடங்கும் குறியீடுகள் உண்டு. அவை நோய் அல்ல. நோயாளியைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டிய மற்ற செய்திகள்.

அதில் 79 என்ற பிரிவு முழுவதும் நெடுநாள் மருந்துக்காக. இசட் 79.01 என்றால் இவர் ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தில் நெடுநாளாக இருக்கிறார். 79.82 ஆஸ்பிரின். 79.52 ஸ்டீராய்டு. 79.84 வாய்வழிச் சர்க்கரை மாத்திரை. 79.4 இன்சுலின். பல்லைப் பிடுங்கப் போகிறவரிடம் முதல் எண் இருந்தால் பல் டாக்டர் நின்று யோசிப்பார். அவ்வளவு பெரிய விஷயம் அந்தச் சின்ன எண்ணில் இருக்கிறது.

எனக்குப் பிடித்தது எண் அல்ல, அதற்கு எழுதி வைத்திருக்கும் விதி. நெஞ்சுச் சளிக்கு ஐந்து நாள் கொடுக்கும் மருந்துக்கு இந்த எண்ணைப் போடக் கூடாது. சர்க்கரை நோயாளி ஒருவருக்குக் காய்ச்சலிலோ ஆபரேஷனிலோ சர்க்கரை ஏறி, அதை இறக்க மட்டும் ஆஸ்பத்திரியில் தற்காலிகமாக இன்சுலின் போட்டால், அவருக்கு 79.4 போடக் கூடாது. இன்று ஊசி போட்டது வேறு, இவர் ஊசியிலேயே இருப்பவர் என்பது வேறு. இந்த இரண்டையும் கலக்காதே என்று விதிப்புத்தகத்தில் தனியாக ஒரு வரி.

இதை அவள் மூன்று வருடத்துக்கு முன்பே எனக்குச் சொல்லியிருக்கிறாள். அப்போது சுவாரசியமாகக் கேட்டுக்கொண்டதோடு சரி.

இப்போது சார் கதைக்கு வருகிறேன். அவருக்குப் பதினான்கு வருடமாகச் சர்க்கரை. காலையில் ஒன்று, இரவில் ஒன்று, இரண்டு மாத்திரையில் கட்டுக்குள் இருந்தது. போன ஐப்பசி மழையில் சிறுநீர்த் தொற்று வந்து குளிர்காய்ச்சல். டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான்கு நாள் இருந்தோம். காய்ச்சலில் சர்க்கரை 380 வரை போய்விட்டது. மூன்று நாள் இன்சுலின் போட்டார்கள். நான்காம் நாள் நிறுத்தினார்கள், பழைய மாத்திரைக்கே திரும்பினார், வீட்டுக்கு வந்தோம். நல்ல சிகிச்சைதான், அதில் எனக்குக் குறையில்லை.

குறை, கையில் கொடுத்த காகிதத்தில். டிஸ்சார்ஜ் சம்மரியின் மேல் வரியில், 'கே/சி/ஓ' என்று போட்டு, சர்க்கரை நோயாளி, 'ஆன் இன்சுலின்' என்று அடித்திருந்தார்கள். இன்சுலினில் இருப்பவர் என்று அர்த்தம். கீழே வீட்டில் சாப்பிட வேண்டிய மருந்துப் பட்டியலில் இன்சுலின் இல்லை. அதற்கும் கீழே 'சிஎஸ்டி' என்று மூன்று எழுத்து. அதே மருந்தைத் தொடரவும் என்பதன் சுருக்கம். எந்த மருந்தை? மேலே இருப்பதையா, கீழே இருப்பதையா? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை இப்படி எழுதினால் பக்கத்தில் சுழித்துவிட்டுத் திரும்ப எழுதச் சொல்வோம்.

ஆறு வாரம் கழித்துக் கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முன் ஒரு டாக்டரிடம் ஃபிட்னஸ் வாங்க வேண்டும். வேறு ஒரு கிளினிக்குக்குப் போனோம். அவர் ஃபைலைப் புரட்டினார். "இன்சுலினை ஏன் நிறுத்தினீங்க?" என்று சாரைப் பார்த்துக் கேட்டார். நான், "அது ஆஸ்பத்திரியில் இருந்தப்ப மட்டும் போட்டதுங்க டாக்டர், வீட்டுல மாத்திரைதான்" என்றேன். அவர் அந்த மேல் வரியில் பேனாவை வைத்து, "எழுதியிருக்கேம்மா" என்றார். வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். காலையில் பத்து யூனிட், இரவு எட்டு யூனிட், மாத்திரையும் சேர்த்து. சார் டாக்டர் சொன்னால் தட்டாத ஜாதி.

மூன்றாம் நாள் விடியற்காலை நான்கு மணி இருக்கும். கட்டில் நனைந்திருந்தது, அவ்வளவு வேர்வை. எழுப்பினால் விழிக்கிறார், என்னைத் தெரியவில்லை. "பெல் அடிச்சாச்சா?" என்று கேட்டார். ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகிறது. விரலில் குத்திப் பார்த்தேன், 46. விழுங்க முடிந்தது, நல்ல நேரம். சர்க்கரையைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே 108-ஐக் கூப்பிட்டேன். வண்டி வருவதற்குள் "ஏன் லைட்டைப் போட்டிருக்கே?" என்று கேட்கும் அளவுக்குத் திரும்பிவிட்டார். அந்த இருபது நிமிடத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

அழைத்துப் போன இடத்தில் குளுக்கோஸ் ஏற்றினார்கள், இன்சுலினை நிறுத்தச் சொன்னார்கள். வாயால் சொன்னார்கள். சீட்டில் எழுதியது, 'தலைசுற்றலுடன் வந்தார், சரியாகி அனுப்பப்பட்டார்'. அவ்வளவுதான். 46 என்ற எண் இல்லை. இன்சுலின் என்ற சொல் இல்லை.

அன்று மாலை அண்ணன் மகள் போன் செய்தாள். மாமா பேசியதும்தான் அழுகையை நிறுத்தினாள். பிறகு என்னிடம், "அத்தை, அந்தச் சம்மரியைப் போட்டோ எடுத்து அனுப்புங்க" என்றாள். பார்த்துவிட்டு, "எங்ககிட்ட இப்படி ஒரு சார்ட் வந்தா மேல ஒண்ணு கீழ ஒண்ணு இருக்குன்னு டாக்டருக்கே கேள்வி அனுப்பிடுவோம். நாங்களா எதையும் முடிவு பண்ணக் கூடாது" என்றாள்.

அது அவர்கள் வேலையில் பெரிய விதியாம். டாக்டர் எழுதாததைக் குறியீடு போடுபவர் ஊகிக்கக் கூடாது. மருந்துப் பட்டியலில் சர்க்கரை மாத்திரை இருக்கிறது என்பதற்காக, 'இவருக்குச் சர்க்கரை நோய்' என்று இவளாகப் போட முடியாது. டாக்டர் நோயின் பெயரை எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

"சரி, மாமாவுக்கு அன்னைக்கு வந்ததுக்கு உங்க புத்தகத்துல என்ன எண்?" என்று கேட்டேன். வாத்தியார் புத்தி, விடாது. இ 11.649 என்றாள். சர்க்கரை நோயில் நினைவு முழுதும் இழக்காத தாழ்சர்க்கரை. "அதோட இன்னொண்ணும் போடணும் அத்தை. மருந்தைச் சரியா எழுதி, சரியாக் கொடுத்தும் உடம்பு தாங்கலைன்னா ஒரு எண். எழுதினதுலயே தப்புன்னா வேற எண்." அந்த இரண்டாவது எண்ணுக்குத் தலைப்பு என்ன என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "பாய்சனிங்" என்றாள். நஞ்சு உட்கொண்டது. "இதுல எதுன்னு நீ சொல்லேன்" என்றேன். "நான் சொல்ல முடியாது அத்தை. டாக்டர் எழுதணும்."

எழுதவில்லை. அதுதான் இதில் என்னைத் தூங்கவிடாதது. நடக்காத ஒன்று, இவர் இன்சுலினில் இருக்கிறார் என்பது, எழுத்தில் இருக்கிறது. நடந்த ஒன்று, அந்த இன்சுலினால் சாகக் கிடந்தார் என்பது, எங்கும் இல்லை. நாளைக்கு நான் இல்லாமல் சாரை யாராவது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனால், ஃபைல் எதைச் சொல்லும்?

எழுத்தின் பலம் எங்கள் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும். நம் ஊரில் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களின் பிறந்த தேதியைக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் மே மாதம், ஜூன் மாதம் என்பார்கள். எல்லா அம்மாக்களும் கோடை விடுமுறையிலா பெற்றார்கள்? பள்ளியில் சேர்க்கும் நாளில் ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று அந்தக் காலத்துத் தலைமையாசிரியர் தலைக்கு மேல் கையை வளைத்துக் காதைத் தொடச் சொல்லி ஒரு தேதியைப் போட்டுவிடுவார். சார் பிறந்தது தை மாதம் என்று என் மாமியார் சாகும்வரை சொன்னார். சேர்க்கைப் பதிவேட்டில் ஜூன் 5. அந்த ஜூன் 5-ஐ வைத்துத்தான் வேலை, அதை வைத்துத்தான் ஓய்வு, அதை வைத்துத்தான் பென்ஷன். தை மாதத்துக்கு எங்கும் மரியாதை இல்லை. பதிவேட்டில் ஏறியது லேசில் இறங்காது. பிறந்த தேதி என்றால் போகட்டும், சில மாதத்துச் சம்பளத்தோடு போயிற்று. இன்சுலின் அப்படியா?

ஆகவே இறக்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

முதல் மருத்துவமனைக்குப் போய் கேஸ் ஷீட்டின் நகல் கேட்டேன். பதிவறையில் இருந்த பையன், "அதெல்லாம் தர மாட்டாங்கம்மா" என்றான். பாவம், அவனுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில், நோயாளியோ அவர் சார்பில் வருபவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும் என்று இருக்கிறது. உள்நோயாளியின் பதிவை மூன்று வருடம் வைத்திருக்கவும் வேண்டும். இதை எண் போட்டு, சார் கையெழுத்துடன் ஒரு விண்ணப்பமாக எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கினேன். இரண்டாம் நாள் நகல் வந்துவிட்டது. எந்த நேரத்தில் எத்தனை யூனிட் என்று நர்ஸ்கள் அழகாக எழுதியிருந்தார்கள். மூன்றாம் நாள் காலையோடு இன்சுலின் முடிந்திருந்தது. கையெழுத்து சிரமமாக இருந்தாலும் நாள், நேரம், அளவு, முதலெழுத்து, ஒன்றும் விடவில்லை. நான் இன்ஸ்பெக்டராக இருந்தால் 'நன்று' போட்டிருப்பேன். இத்தனை ஒழுங்காக எழுதியதைச் சம்மரி அடித்தவர் ஒரே வரியில் கெடுத்திருந்தார்.

அந்த நகலைக் காட்டித் திருத்தம் கேட்டேன். மூன்று நடை. மூன்றாம் நடையில் ஒரு பெரிய டாக்டர் வந்து உட்கார்ந்து நிதானமாகப் படித்தார். வாதாடவில்லை. தனித்தாளில், 'மருத்துவமனையில் இருந்தபோது மட்டும் இன்சுலின் தரப்பட்டது. வீட்டில் இன்சுலின் எடுப்பவர் அல்லர்' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டு, அவர்கள் ஃபைலிலும் ஒரு பிரதி வைத்தார். பழைய தாளைக் கிழிக்கவில்லை. அதுதான் முறை. நாங்களும் அடித்து எழுதாமல் சிவப்பு மையில் திருத்திச் சுருக்கொப்பம் வைப்போம்.

இதற்கிடையில் வீட்டில் ஒரு காரியம் செய்தேன். மாத்திரைப் பையைக் கவிழ்த்தேன். உங்கள் வீட்டிலும் இருக்கும், மஞ்சள் பையிலோ பிஸ்கட் டப்பாவிலோ. ஒரு தாளில் கட்டம் போட்டேன். மருந்தின் பெயர், கம்பெனிப் பெயர் அல்ல, மூலப்பெயர். டாக்டர்கள் மூலப்பெயரைத் தெளிவாக, கூடுமானால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016-இல் விதியே வந்திருக்கிறது. எழுதுகிறவர்கள் எழுதுகிறார்கள். பிறகு அளவு, எந்த வேளை, எதற்காக, எப்போதிலிருந்து, யார் தொடங்கியது. கடைசியாக ஒரு கட்டம். 'எதுவரை?'

அந்தக் கடைசிக் கட்டம்தான் எங்களைத் திகைக்க வைத்தது. சர்க்கரை மாத்திரைக்கு 'தொடர்ந்து' என்று எழுதலாம், கேள்வியே இல்லை. கேஸ் மாத்திரை ஒன்று சார் தினமும் வெறும் வயிற்றில் போடுகிறார். எப்போதிலிருந்து? ஐந்து வருடத்துக்கு முன் முழங்கால் வலிக்கு மாத்திரை கொடுத்தபோது, வயிறு எரியாமல் இருக்கப் பத்து நாளுக்குக் கொடுத்தது. பழைய சீட்டைத் தேடிப் பார்த்தால் அதில் பத்து நாள் என்றே இருக்கிறது. வலி மாத்திரை பத்து நாளில் போய்விட்டது, அதற்குக் காவலுக்கு வந்தது ஐந்து வருடமாக உட்கார்ந்திருக்கிறது. நரம்புக்கு என்று ஒரு சத்து மாத்திரை, யார் கொடுத்தது என்றே தெரியவில்லை. மெடிக்கலில் பழைய அட்டையைக் காட்டினால் புதிய அட்டை தருகிறார்கள், அவ்வளவுதான். இரண்டையும் டாக்டரிடம் கேட்டுத்தான் விட்டோம். நீங்களும் கட்டம் போட்ட கையோடு எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சில மாத்திரைகளைச் சட்டென்று விட்டால் ஆபத்து.

மத்திய அரசின் 14 இலக்க ஆபா எண் எங்கள் இருவருக்கும் இருக்கிறது. எல்லா ஆஸ்பத்திரிக் குறிப்பும் ஒரே இடத்தில் சேரும் என்று 2021-இல் தொடங்கிய திட்டம். நல்ல யோசனைதான். ஆனால் நாங்கள் போன மூன்று இடத்திலும் அதை ஒருவரும் கேட்கவில்லை. ஒருநாள் கேட்பார்கள். அப்போதும் உள்ளே போவது ஒருவர் அடிக்கும் அந்த ஒரு வரிதானே? அதனால் தாளை விடுவதாக இல்லை. ஒரு பிரதி ஃபைலில், ஒன்று சார் சட்டைப்பையில், ஒன்று அண்ணன் மகள் போனில்.

அமெரிக்காக்காரனைப் பார், எவ்வளவு ஒழுங்கு என்று சொல்ல இதை எழுதவில்லை. அங்கே அந்த எண்களை இவ்வளவு துல்லியமாகப் போடுவது பெரும்பாலும் பில்லுக்காக, அன்பினால் அல்ல. அவளே சொல்லுவாள். ஆனாலும் அந்தப் புத்தகத்தில் ஒரு எண் இருக்கிறது, இசட் 91.120. நோயாளி மருந்தை வேண்டுமென்றே குறைத்துச் சாப்பிடுகிறார், காரணம் பணக் கஷ்டம். அதற்குப் பக்கத்திலேயே 91.130, வயதின் தளர்ச்சியால் தெரியாமல் குறைத்துச் சாப்பிடுகிறார். பணக்கார நாட்டில் இதற்கு ஒரு எண் தேவைப்பட்டிருக்கிறது, பாருங்கள். அவள் இதைச் சொன்னதும் எனக்கு எங்கள் பள்ளிச் சத்துணவுக்கூடத்தில் சமைத்த அம்மா நினைவுக்கு வந்தார்.

அவருக்கு ரத்தக்கொதிப்பு. டவுனில் ஒரு கிளினிக்கில் பார்த்து, மாத்திரையை வெளியே வாங்குகிறார். தாளை எடுத்துக்கொண்டு போய் அவருக்கும் கட்டம் போட்டேன். 'எந்த வேளை' என்று கேட்டபோது சிரித்தார். "டீச்சர், மாசம் இருபது தேதி வரைக்கும் தினம். அதுக்கப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள்." டாக்டரிடம் சொன்னீர்களா என்றேன். "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறியான்னு கேப்பாரு. ஆமான்னு சொல்லுவேன். வேற என்னத்தைச் சொல்றது?" சீட்டில், 'ஒழுங்காக மருந்து எடுக்கிறார், அழுத்தம் குறையவில்லை' என்று இருக்கிறது. அதனால் அம்லோடிபின் 5-ஐப் பத்தாக்கியிருக்கிறார்கள். பத்தானதும் விலை கூடி, இடைவெளியும் கூடியிருக்கிறது. சாப்பிடும் நாளில் கால் வீங்குகிறதாம்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியபோது செய்தியில் பார்த்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்கள் பகுதியிலும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இந்த அம்மா பெயரைக் கொடுக்கவில்லை, அவர்கள் வரும் நேரத்தில் இவர் அடுப்படியில். போன மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூடப் போனேன். "இவங்க சொல்ல வெட்கப்படுறாங்க, நான் சொல்றேன்" என்று அந்தத் தாளை நர்ஸிடம் கொடுத்தேன். அந்தப் பெண் திட்டவில்லை. ஏதோ என் பழைய மாணவி மாதிரியே இருந்தாள், கேட்கவில்லை. புதிய அட்டையில், 'காசில்லாததால் ஒருநாள் விட்டு ஒருநாள்' என்று தமிழிலேயே எழுதினாள். டாக்டர் அதைப் படித்துவிட்டு, பத்தை வெட்டி ஐந்தாக்கினார். தினமும் சாப்பிடுங்கள், ஒரு மாதம் கழித்துப் பார்க்கிறேன் என்றார்.

அந்த ஒரு மாதம் வரும் வியாழனோடு முடிகிறது. கூடப் போகிறேன்.